எங்கள் கைப்பேசிக்கு யார் முத்திரை குத்துவது?

மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,



விழுப்புரம், திண்டிவனம் பகுதியிலிருந்து, ஊரார் அனைவரும் படிக்கும்படி இந்த மடலை எழுதுகிறோம். முதலில் நன்றி சொல்ல வேண்டும். வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 31 கோடி ரூபாய் செலவில், 63,000 சதுர அடியில் எழுந்த மினி டைடல் பூங்கா 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கணினி வேலை என்றால் தாம்பரம் தாண்டித்தான் என்றிருந்த எங்கள் பிள்ளைகளுக்கு அது ஒரு தெம்பு. அரசு மனம் வைத்தால் ஒரு தொழிலை ஒரு மாவட்டத்துக்கே கொண்டுவந்துவிட முடியும் என்பதை நேரில் பார்த்தோம். அந்த நம்பிக்கையில்தான் எங்கள் குறையைத் தங்கள் முன் வைக்கிறோம்.

அரசோடு குடிமக்கள் பேசும் வழி இப்போது பெரும்பாலும் கைப்பேசிதான். விளைபொருள் விலை பார்க்க 2018-இல் வந்த உழவன் செயலி. மாணவர் வருகையைப் பதிய ஆசிரியர்களின் கைப்பேசியில் ஒரு செயலி. அங்கன்வாடிக் குழந்தையின் எடையும் உயரமும் ஏறுவது போஷன் டிராக்கரில். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துணவுக்கு 2025 ஜூலை முதல் பயனாளியின் முகத்தையும் அதுவே சரிபார்க்கிறது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் வருகைப் பதிவு கட்டாயமாகச் செயலிக்கு மாறியது. ஏரிக்கரையில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துக் காலையில் ஒரு படம், சில மணி நேரம் கழித்து இன்னொரு படம். படம் ஏறாவிட்டால் கூலி ஏறாது.

இந்தச் செயலிகள் ஓடும் இயங்குதளம் யாருடையது? நாட்டின் ஸ்மார்ட்போன்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு ஆண்ட்ராய்டு, மிச்சம் ஐபோன். மயிலம் பக்கத்துக் கிராமத்தில் ஐபோனைத் தேடி அலைய வேண்டியிருக்கும் என்பதால், எங்களைப் பொறுத்தவரை ஒரே கடைதான். அந்தக் கடையின் சொந்தக்காரர் அமெரிக்காவில் இருக்கிறார். அவர் வைத்த விதிகளுக்கு உட்பட்டுத்தான் எங்கள் ஊர்ப் பெண்மணியின் கூலிக்கான படம் ஏற வேண்டியிருக்கிறது. இதில் அவரைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. வியாபாரி வியாபாரம் செய்கிறார். அந்த ஒரு கடை வழியாகத்தான் வர வேண்டும் என்ற நிலையை அரசே உறுதிப்படுத்திக்கொண்டிருப்பதுதான் எங்கள் குறை.

ஆண்ட்ராய்டு திறந்த மூல மென்பொருள்தானே என்று தங்கள் அலுவலகத்தில் யாரேனும் கேட்கக்கூடும். அடித்தளம் திறந்ததுதான். அதன் மூலநிரலை யாரும் எடுத்து, மாற்றி, தங்கள் பெயரில் ஓர் இயங்குதளம் செய்யலாம். லினேஜ்ஓஎஸ், கிராஃபீன்ஓஎஸ், பிரெஞ்சுக்காரர் கேல் துவால் தொடங்கிய இ-ஓஎஸ் எல்லாம் அப்படி வந்தவை. ஆனால் அந்த அடித்தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் பிளே ஸ்டோரும் பிளே சர்வீசஸும் கூகுளின் தனிச்சொத்து. இருப்பிடம் காட்டுவது, அறிவிப்பு அனுப்புவது, வரைபடம், கைப்பேசியைச் சோதிப்பது என்று செயலி எழுதுபவர் கைவைக்கும் இடமெல்லாம் அதுதான் நிற்கிறது. அதை நம்பி எழுதிய செயலி, அது இல்லாத கைப்பேசியில் பாதி ஓடும் அல்லது ஓடவே ஓடாது. போதாததற்கு, 2025 மார்ச் முதல் ஆண்ட்ராய்டை உருவாக்கும் வேலை முழுவதையும் கூகுள் தன் சுவர்களுக்குள் நடத்துகிறது. வேலை முடிந்த பிறகே நிரல் வெளியே வருகிறது.

இந்தப் பிடியை நம் நாட்டுச் சட்டமும் பார்த்திருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மாற்றியமைத்த ஆண்ட்ராய்டில் கைப்பேசி செய்யமாட்டோம் என்று உற்பத்தியாளர்கள் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததும், போடாவிட்டால் பிளே ஸ்டோர் கிடைக்காது என்பதும் அந்த வழக்கின் மையத்தில் இருந்தவை. மறுவருடம் மார்ச் 29-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே உறுதிசெய்தது. ஆணையத்தின் உத்தரவுகளில் நான்கை மட்டும் நீக்கியது. தீர்ப்பு வந்தது, ஒப்பந்தங்கள் சற்றே தளர்ந்தன. எங்கள் ஊர்க் கடைகளில் தொங்கும் கைப்பேசிகளில் அதனால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஏன் என்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய கதை ஒன்று உண்டு.

மாற்று இயங்குதளங்களுக்கு இந்தியா புதிய நாடல்ல. 2014 ஆகஸ்டில் மொசில்லாவின் ஃபயர்பாக்ஸ் ஓஎஸ், இன்டெக்ஸ் கைப்பேசியில் 1,999 ரூபாய்க்கு வந்தது; தமிழ் இடைமுகத்தோடு வந்தது. அடுத்த மாதமே பின்லாந்தின் யோலா நிறுவனம் தன் செயில்ஃபிஷ் கைப்பேசியை இங்கே விற்க வந்தது. 2015 ஜனவரியில் சாம்சங், டைசன் இயங்குதளத்தில் செய்த இசட்-1 கைப்பேசியை 5,700 ரூபாய்க்கு இந்தியாவில் இறக்கியது. உலகத்தில் யாருக்கு மாற்று யோசனை வந்தாலும் நம் சந்தையிலும் வந்து இறக்கிப் பார்த்தார்கள். எதுவும் நிற்கவில்லை. 2015 டிசம்பரில் மொசில்லா கைப்பேசி விற்பனையைக் கைவிட்டது. நிரல் மோசம் என்று இவை தோற்கவில்லை. மக்கள் கேட்ட செயலிகள் பல இவற்றில் இல்லை. மக்கள் இல்லாததால் செயலி எழுதுவோர் வரவில்லை.

ஒன்று மட்டும் தப்பியது. 2017-இல் 1,500 ரூபாய் முன்பணத்துக்கு வந்த ஜியோபோனில் ஓடிய கைஓஎஸ், அதே ஃபயர்பாக்ஸ் ஓஎஸ்ஸின் வாரிசுதான். பொத்தான் வைத்த அந்தச் சின்னக் கைப்பேசியை எங்கள் பக்கத்து விவசாயிகள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தது நினைவிருக்கிறது. முதல் ஓராண்டு அதில் வாட்ஸ்அப் இல்லை. 2018 செப்டம்பரில் வந்தது. ஒரு பெரிய நிறுவனம் பின்னால் நின்று கேட்டதால் வந்தது. அதுவே ஒரு சின்ன நிறுவனமாகவோ நாலு தன்னார்வலர்களாகவோ இருந்திருந்தால் அந்தக் கதவு திறந்திருக்காது.

ஆக, மாற்று இயங்குதளத்தின் தலையெழுத்தை எழுதுவது, தவிர்க்க முடியாத செயலிகளை வைத்திருப்பவர்தான். 2014-இல் அப்படிப்பட்டவை வாட்ஸ்அப்பும் முகநூலும். அவை இல்லாமலும் ஒருவர் வாழலாம். இன்று தவிர்க்கவே முடியாத செயலிகளை எழுதுவது அரசு. வாட்ஸ்அப் வேண்டாம் என்று சொல்ல ஒரு பணித்தளப் பொறுப்பாளருக்கு உரிமை உண்டு. வருகைப் பதிவுச் செயலி வேண்டாம் என்று சொல்ல முடியாது. சந்தையால் முடியாத ஒன்றைத் தங்கள் அலுவலகம் ஓர் உத்தரவில் செய்யக்கூடிய இடம் இதுதான்.

திண்டிவனம் கடைத்தெருவில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கண்டதைச் சொல்கிறோம். நடுவயதுப் பெண்மணி ஒருவர், ஐந்தாறு வருடப் பழைய கைப்பேசியை நீட்டினார். திரை உடையவில்லை, பேட்டரி போன தீபாவளிக்கு மாற்றியது. ஆனால் எதைத் தொட்டாலும் நின்று நின்று வந்தது. தயாரித்த நிறுவனம் அதற்குப் புதுப்பிப்பு அனுப்புவதை எப்போதோ நிறுத்திவிட்டது. கடைக்காரத் தம்பி விவரமானவர். கைப்பேசியைத் துவக்கும் பூட்லோடரின் பூட்டைத் திறந்து, லினேஜ்ஓஎஸ் ஏற்றிக் கொடுத்தார். கடை மொழியில் சொன்னால் 'சாஃப்ட்வேர் அடிச்சுக் குடுத்தார்'. கைப்பேசி புதுசு போல ஓடியது. பாதுகாப்புத் திருத்தமும் அந்த மாதத்தது. மறுநாள் காலை அந்த அம்மா திரும்பி வந்து நின்றார். வங்கிச் செயலி திறக்கவில்லை. இந்தச் சாதனத்தில் இயங்காது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டு மூடிக்கொண்டது. "போன் நல்லாத்தான் இருக்குதுக்கா, ஆப்புதான் வேணாங்குது" என்றார் தம்பி. "அப்ப பழசையே போட்டுக் குடுத்துடுப்பா" என்றார் அந்த அம்மா. போட்டுக் கொடுத்தார். நின்று நின்று ஓடுகிற, திருத்தம் கிடைக்காத பழைய மென்பொருளோடு கைப்பேசி வீட்டுக்குப் போனது.

அந்த ஆங்கில வரிக்குப் பின்னால் நடப்பது இதுதான். செயலி திறக்கும்போது கூகுளின் பிளே இன்டெகிரிட்டி என்ற சேவையிடம், இந்தக் கைப்பேசி உங்கள் முத்திரை பெற்றதா என்று கேட்கிறது. முத்திரை இல்லையென்றால் கதவு திறப்பதில்லை. வங்கிகள் பலவும், ஆதார் சார்ந்த செயலிகளும், பூட்டு திறந்த கைப்பேசியைக் கண்டால் இப்படி ஏதோ ஒரு சோதனையின் பேரில் ஒதுங்கிக்கொள்கின்றன. ரேஷன் கடைக்கு வருகிறவர் குறிப்பிட்ட கம்பெனிச் செருப்பு போட்டிருந்தால்தான் அரிசி என்று ஓர் அரசு சொன்னால் சட்டமன்றம் என்னவாகும்! கைப்பேசியில் அதைச் சொல்லும்போது யாருக்கும் கேட்பதில்லை. ஏனென்றால் சொல்வது ஒரு மென்பொருள்.

பாதுகாப்புக்காகத்தான் என்று பதில் வரும். மக்கள் பணமும் முகமும் கைரேகையும் சம்பந்தப்பட்ட இடத்தில் பாதுகாப்பு வேண்டும். அதில் எங்களுக்கு மாறுபாடில்லை. ஆனால் இந்தச் சோதனை அளப்பது பாதுகாப்பையா? பல ஆண்டுகளாகத் திருத்தமே காணாத கைப்பேசி முத்திரை இருப்பதால் பெரும்பாலும் தேறிவிடுகிறது. இந்த மாதத் திருத்தம் வரை ஏற்றப்பட்ட திறந்த இயங்குதளம் முத்திரை இல்லாததால் தோற்கிறது. கைப்பேசியின் வன்பொருளே தன் நிலைக்குச் சான்றொப்பம் தரும் வசதி ஆண்ட்ராய்டின் பொதுவான பகுதியிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் எந்த இயங்குதளங்களை நம்பலாம் என்ற பட்டியலைச் செயலியின் சொந்தக்காரரே வைத்துக்கொள்ளலாம். கிராஃபீன்ஓஎஸ் குழுவினர் பல ஆண்டுகளாக இதைத்தான் சொல்லி வருகிறார்கள். எந்தக் கைப்பேசி நம்பத்தக்கது என்று முடிவுசெய்யும் அதிகாரம் அரசுடையது. அதை வெளியாரிடம் ஒப்படைத்துவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பது சரியில்லை என்பது எங்கள் பணிவான கருத்து.

வன்பொருள் சான்றொப்ப வழி ஓட்டையே இல்லாதது என்று சொல்லவில்லை. பழைய கைப்பேசிகள் பலவற்றில் அந்த வன்பொருள் வசதி இராது. அந்த அம்மாவின் கைப்பேசியிலேயே இல்லாமல் போகலாம். அப்படிப்பட்டவர்களுக்கு வலைத்தளம், குறுஞ்செய்திக் கடவுச்சொல், இ-சேவை மையம் என்று வேறு வழி திறந்திருக்க வேண்டும். சந்தை விலை பார்ப்பதற்கும் குறைதீர் மனு போடுவதற்கும் இந்தச் சோதனையே தேவையில்லை.

புதிய கைப்பேசி வாங்கிக்கொள்ளலாமே என்றும் சிலர் சொல்வார்கள். 2025-26-இல் நூறு நாள் வேலையின் நாள் கூலி தமிழ்நாட்டில் 336 ரூபாய். பத்தாயிரம் ரூபாய்க் கைப்பேசி என்பது ஏறத்தாழ முப்பது நாள் கூலி. நன்றாக இருக்கும் கருவியைத் தூக்கி எறிந்துவிட்டு முப்பது நாள் கூலியைக் கொடு என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

எல்லாக் கைப்பேசிக்கும் வழிவிடும் செயலிகளை அரசால் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு, செய்திருக்கிறது என்பதே பதில். 2020 ஏப்ரலில் வந்த கொரோனாக் காலச் செயலியான ஆரோக்கிய சேதுவை, அடுத்த மாதமே ஜியோபோனின் கைஓஎஸ்ஸுக்கும் எழுதினார்கள். அதே மே மாதம் அதன் ஆண்ட்ராய்டு மூலநிரலையும் பொதுவில் வைத்தார்கள். தடுப்பூசிப் பதிவுக்கு வந்த கோவின், உலாவி இருக்கும் எந்தக் கைப்பேசியிலும் திறந்தது. அரசுச் செயலிகளுக்கென்றே மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் நடத்தும் மொபைல் சேவா ஆப்ஸ்டோர் இருக்கிறது. அரசுக்கென்று சொந்தமாக ஒரு செயலிக் கடை உண்டு என்பதை அறிந்த அரசு ஊழியர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். மத்திய அரசின் திறந்த மூல மென்பொருள் கொள்கை 2015-இலேயே வந்துவிட்டது. ஜெர்மனியின் கொரோனா எச்சரிக்கைச் செயலியின் நிரல் திறந்திருந்ததால், 2020 டிசம்பரில் தன்னார்வலர்களே கூகுள் சேவைகள் இல்லாத கைப்பேசிகளுக்கு அதை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அரசுக்குக் காசு செலவில்லை.

நம் மாநிலத்துக்கு இதில் இன்னும் நீண்ட அனுபவம் உண்டு. மாநில அரசின் எல்காட் நிறுவனம் 2007 வாக்கிலேயே சூசே லினக்ஸுக்கு மாறிப் பார்த்தது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு போஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. 2014-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, போஸ் லினக்ஸ் நிறுவும்படி துறைகளுக்குத் தமிழக அரசே அறிவுறுத்தியது. இந்த அனுபவத்தில் கசப்பும் உண்டு; அதை மறைத்துப் பயனில்லை. பள்ளியில் மடிக்கணினி வாங்கிய பிள்ளைகளில் மிகப் பலர் போஸைத் திறந்தே பார்க்கவில்லை. சிலர் முதல் வாரத்திலேயே கடையில் கொடுத்து அதை அழித்தார்கள். சென்னையில் சி-டாக் செய்த நல்ல மென்பொருள் அது. அதைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுக்க ஆசிரியருக்குப் பயிற்சி இல்லை, கேள்வி வந்தால் கேட்க ஊரில் ஆள் இல்லை. பக்கத்துக் கேரளத்தில், எல்காட் மாறிய காலத்தை ஒட்டியே, பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. அங்கே ஆசிரியர்களை முதலில் தயார் செய்தார்கள், அது நிலைத்தது. மென்பொருளைக் கொடுத்தோம், ஆளைக் கொடுக்கவில்லை. மடிக்கணினியில் நடந்தது கைப்பேசியிலும் நடக்கக் கூடாது.

ஆள் இல்லாத மாவட்டமும் அல்ல இது. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு என்ற அமைப்பினர் பத்தாண்டுகளுக்கு மேலாகக் கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கட்டற்ற மென்பொருள் கற்றுத்தருகிறார்கள். பக்கத்துப் புதுச்சேரியிலும் கட்டற்ற மென்பொருள் இயக்கம் ஒன்று துடிப்பாக இயங்குகிறது. விழுப்புரத்தில் காகுப்பத்திலும், திண்டிவனத்தில் மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கடைசி ஆண்டு மாணவர்கள் எங்கேயோ பணம் கொடுத்து வாங்கும் ஆய்வுத் திட்ட அறிக்கைக்குப் பதிலாக, நம் ஊரில் அதிகம் புழங்கும் பழைய கைப்பேசி மாடல் ஒன்றுக்குத் திறந்த இயங்குதளத்தைப் பொருத்திப் பராமரிப்பதே திட்டப்பணி என்றால், அவர்களுக்கும் கைத்தொழில், ஊருக்கும் லாபம். (ஆய்வுத் திட்டங்களை விற்கும் கடைக்காரர்கள் எங்களை மன்னிக்க வேண்டும்.)

நம் மண்ணிலேயே பிறந்த பாரோஸ் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. சென்னை ஐஐடியின் ஆதரவில் வளர்ந்த ஒரு நிறுவனம், ஆண்ட்ராய்டின் திறந்த அடித்தளத்தில் செய்த இயங்குதளம் அது. 2023 ஜனவரியில் இரண்டு மத்திய அமைச்சர்கள் அதைக் கையில் வாங்கிச் சோதித்துப் பார்த்தார்கள்; நாளிதழ்களில் செய்தி வந்தது. கடைக்குப் போய் வாங்கும் கைப்பேசியாக அது எங்கள் ஊர்ப் பக்கம் வந்து சேரவில்லை. அதைச் செய்தவர்களின் திறமையில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அரசுச் செயலிகளும் வங்கிச் செயலிகளும் ஏற்காதவரை, நம்முடைய இயங்குதளத்துக்கும் ஃபயர்பாக்ஸ் ஓஎஸ்ஸுக்கு நேர்ந்த கதிதான். ஆகவே தங்களிடம் இன்னொரு இயங்குதளம் கேட்கவில்லை. இருப்பவை உள்ளே வர வழிவிட வேண்டும் என்று கேட்கிறோம்.

காலம் குறைவாக இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். முத்திரை பெற்ற ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், தன்னிடம் அடையாளத்தைப் பதிவுசெய்தவர்கள் எழுதிய செயலிகளையே நிறுவ முடியும் என்ற விதியைக் கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. 2027 முதல் மற்ற நாடுகள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு, விவரமறிந்தவர்களுக்குத் தனி வழி ஒன்று வைப்பதாகவும் சொல்லியிருக்கிறது. எஃப்-டிராய்டு போன்ற திறந்த செயலிக் களஞ்சியங்கள் இதனால் கலங்கிப்போயிருக்கின்றன. மேல்பாக்கம் கல்லூரி மாணவி ஒருத்தி தன் ஊர் ஏரிப் பாசனச் சங்கத்துக்கு முறைத் தண்ணீர்க் கணக்குச் செயலி எழுதி நாலு பேருக்குக் கொடுப்பதற்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டுமா என்பது, தங்கள் துறை இப்போதே கருத்துச் சொல்ல வேண்டிய கேள்வி.

எங்கள் கோரிக்கைகளுக்கு வருகிறோம்.

மாநில அரசின் எந்தத் துறை செயலி எழுதினாலும், எழுதக் கொடுத்தாலும், கூகுள் சேவைகள் இல்லாத கைப்பேசியிலும் அது இயங்க வேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனையாக்க வேண்டுகிறோம். செயலியின் நிறுவற்கோப்பைத் துறையின் இணையதளத்திலும் வைக்கச் சொல்லுங்கள். பிளே ஸ்டோர் ஒரு வழியாக இருக்கட்டும், ஒரே வழியாக வேண்டாம். உலாவியில் செய்யக்கூடிய வேலைக்குச் செயலியே கட்டாயம் என்று எந்தத் துறையும் சொல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மக்கள் வரிப்பணத்தில் எழுதிய நிரலைப் பொதுவில் வையுங்கள். 2015-ஆம் ஆண்டுக் கொள்கை மத்திய அரசுக்கு. அதே போன்ற அரசாணை ஒன்றை மாநிலத்துக்குப் பிறப்பிக்கும் கோப்பு தங்கள் மேசையிலிருந்துதான் புறப்பட வேண்டும்.

அடுத்தது கொள்முதல். 2024-இல் அரசு தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஏறத்தாழ 80,000 கைக்கணினிகள் வழங்கப்பட்டன. நல்ல காரியம். சில ஆண்டுகளில் அவற்றுக்குப் புதுப்பிப்பு நின்றுவிடும். அப்போது 80,000 கருவிகளை என்ன செய்வது? இனி அரசு வாங்கும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் கைக்கணினிக்கும், ஆதரவு முடியும் நாளில் பூட்லோடர் பூட்டைத் திறக்கும் வழியையும் வன்பொருள் இயக்கி மென்பொருளையும் உற்பத்தியாளர் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதிவிடுங்கள். தனி ஆள் கேட்டால் எந்த நிறுவனமும் காதில் வாங்காது. சில நிறுவனங்கள் அந்தப் பூட்டைத் திறக்க வழியே வைப்பதில்லை. 80,000 கருவி வாங்குகிறவர் கேட்டால் வைப்பார்கள்.

மத்திய அரசின் செயலிகளும் வங்கிகளும் தங்கள் அதிகாரத்துக்கு வெளியே என்பதை அறிவோம். ஆனால் கூலிக்கும் ஊட்டச்சத்துக்குமான செயலிகளைத் தரையில் இயக்குவது மாநிலத்தின் ஊழியர்கள். அவர்கள் படும் பாட்டைத் தொகுத்து, முத்திரைச் சோதனைக்குப் பதில் வன்பொருள் சான்றொப்பத்தை ஏற்கும்படி மத்தியத் துறைகளுக்கும் வங்கியாளர் குழுவுக்கும் மாநிலத்தின் சார்பில் எழுதுங்கள். மாநில அரசின் கடிதத் தலைப்புக்கு உள்ள கனம் எங்கள் மனுக்களுக்கு இல்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கவில்லை. உழவன் செயலியிலிருந்து தொடங்கலாம். தங்கள் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து அதை எந்த இயங்குதளத்திலும் ஓடும்படி மாற்றித் தாருங்கள். விழுப்புரம் மாவட்டத்தை முன்னோடி மாவட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள். சோதித்துப் பார்க்கக் காகுப்பத்திலும் மேல்பாக்கத்திலும் மாணவர்கள் இருக்கிறார்கள். பழைய கைப்பேசிகளுக்குத் திண்டிவனம் கடைத்தெருவிலும் பஞ்சமில்லை. முன்னோடித் திட்டத்துக்கான உத்தரவை வரும் நிதியாண்டுக்குள் வெளியிட வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். தங்கள் பதில் வந்தால், அது எதுவாக இருந்தாலும், இந்த மடலைப் போலவே முழுமையாக வெளியிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆசிரியர் குழு
விழுப்புரம்